இருபத்துநான்காவது பாக்கெட்

செங்கல்லைவிடச் சற்றே பெரிய ஓர் அட்டைப் பெட்டி எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் பிரிக்கப்படாமல் இருந்தது. உள்ளே இருந்தவை கிரிக்கெட் கார்டுகள். அதைப் பிரிக்கலாமா கூடாதா என்று எனக்கும் என் சித்தப்பாவுக்கும் நடந்த வழக்கைப் போல நீண்ட வழக்கு, எங்கள் குடும்பத்தில் நிலத்துக்காகக்கூட நடந்ததில்லை. வழக்கு தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. தீர்ப்பானபோது பத்து.

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. முன்பக்கத்து இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான். பின்பக்கம் ஒற்றை அறையில் சித்தப்பாவும் சித்தியும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அப்பா நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். சித்தப்பா பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளை பார்த்தார். மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ப்யூஸ் கட்டைகளை அங்கே செய்தார்கள். சித்திக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. சூளைக்குள் போவதற்கு முன்னால் பச்சைக் கட்டைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். நாளெல்லாம் அதையே செய்து சித்தியின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, சுருங்கிப்போயிருக்கும்.

அவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். குழந்தை இல்லை. அதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, வசதியாகத்தான் இருந்தது. சித்தி வேலை விட்டு வரும்போது வாங்கிவரும் பன்னை யாருடனும் பங்கு போட வேண்டியதில்லை. சித்தப்பாவின் சைக்கிள் கம்பியில் எனக்குப் போட்டியாக யாரும் ஏறுவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் நான்தான் பாப்பா.

சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரியில் சில சமயம் சித்தப்பாவும் கூடப் போவார். அப்படி ஒருமுறை போய்த் திரும்பியபோது பையில் இரண்டு பெட்டிகளோடு வந்தார். இரண்டும் ஒரே மாதிரி. வழுவழுவென்று மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. முன்பக்கம் மட்டையை ஓங்கியபடி ஓர் ஆட்டக்காரர். பெட்டிக்கு இருபத்துநான்கு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு கார்டு. ஒரு பெட்டியை என் மடியில் வைத்தார். இன்னொன்றைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

என் பெட்டி அன்று இராச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. இருபத்துநான்கு பாக்கெட்டையும் கிழித்துத் தரையெல்லாம் பரப்பிவிட்டேன். மறுநாளே பள்ளிக்கூடத்தில் வியாபாரம் தொடங்கிற்று. எங்கள் வகுப்புப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே அந்தக் கார்டுகளை உதிரிப் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி முழுசாக வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். இரட்டையாக வந்ததைக் கொடுத்து இல்லாததை வாங்கி, மழைக்காலம் முடிவதற்குள் ஒன்று முதல் நூறு வரை சேர்த்துவிட்டேன், ஒன்றே ஒன்று தவிர. நாற்பத்தொன்றாம் நம்பர். நூறு கார்டின் பட்டியலும் அச்சிட்ட கார்டு ஒன்று உண்டு. அதில் நாற்பத்தொன்றுக்கு எதிரே 'தங்கக் கார்டு' என்று மட்டும் போட்டிருந்தது. அது யாருடைய படம் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். சித்தியின் பீரோ மேல் இன்னும் இருபத்துநான்கு பாக்கெட்டுகள் பிரிக்காமல் இருக்கின்றன.

வழக்கின் முதல் நாள் இப்படித்தான் போயிற்று.

"உள்ள என்னா இருக்குதுன்னே தெரியாம எதுக்கு சித்தப்பா வெச்சிருக்கறது?"

"தெரியாம இருக்கறதுக்குத்தான் பாப்பா மதிப்பே. பிரிச்சிட்டா அது வெறும் அட்டை."

சென்னைக் கடைக்காரர் அவருக்கு ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டில் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பிரிக்காமல் இருபது வருஷம், முப்பது வருஷம் வைத்திருப்பார்களாம். காலம் போகப் போக மதிப்பு ஏறிக்கொண்டே போகுமாம். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழுந்தாலும் போயிற்றாம். சித்தப்பா இதைச் சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னார். அப்பா நம்பவில்லை. "அட்டைய வெச்சிக்கிட்டு முப்பது வருசம் காவ காக்கப் போறியாடா?" என்று கேட்டார். சித்தப்பா சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

நான் விடவில்லை. ஒரு பாக்கெட்டை மட்டும் பக்கவாட்டில் உருவிக்கொண்டு மறுபடி ஒட்டிவிடலாம் என்றேன். பெட்டியை விளக்கில் காட்டி நாற்பத்தொன்று இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். என்னுடைய கார்டு அத்தனையையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் தரச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில் இருந்தது.

"அதுக்குன்னு ஒரு ஆளு வரும் பாப்பா. அது வந்து, அதுவே பிரிச்சிக்கும்."

அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் சமையலறையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். சித்தி எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போய்விடுவாள். எனக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஆள் என்றால் அந்தப் பெட்டியை வாங்கப்போகிற ஆள். சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருவார். அவ்வளவு பெரிய மனிதரை 'வருவாங்க' என்று சொல்லாமல் 'வரும்' என்று சித்தப்பா சொல்கிறாரே, மரியாதை தெரியவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து வீட்டுக்கு வருகிற புது ஆட்களை நான் வாசலிலேயே விசாரிக்க ஆரம்பித்தேன். கேஸ் அடுப்பு டியூபைச் சோதிக்க வந்த ஒருவர் பேண்ட் சட்டையோடு, கையில் பெட்டி வைத்துக்கொண்டு கௌரவமாக இருந்தார். "கார்டு பொட்டி வாங்க வந்தீங்களா? பீரோ மேல இருக்குது. ஆனா எங்க சித்தப்பா வூட்ல இல்ல" என்று சொன்னேன். அவர் திகைத்துப்போய் அம்மாவைக் கூப்பிட்டார். அன்று அம்மா என் காதைத் திருகினாள். சித்தியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "வரட்டும் பாப்பா, வரும்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நானும் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன். அங்கே சாமிக்கு மனு எழுதிக் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். கலெக்டருக்கு எழுதுவது போலவே பெயர், விலாசம், குறை எல்லாம் தெளிவாக எழுதி, சுருட்டி, நூலால் வேலில் கட்ட வேண்டும். மூன்று நாளிலோ மூன்று மாதத்திலோ மூன்று வருஷத்திலோ சாமி தீர்த்துவைக்கும். சித்தி தூணோரம் உட்கார்ந்து எழுதினாள். நாலு வரிதான், ஆனால் எழுத வெகுநேரம் ஆயிற்று. நான் எட்டிப் பார்க்கப் போனதும் கையால் மூடிக்கொண்டாள். எனக்கும் ஒரு தாள் கேட்டு வாங்கி, 'எங்கள் சித்தப்பா அந்தப் பெட்டியைப் பிரிக்கவேண்டும்' என்று எழுதினேன். சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். சித்தியின் பிராதுக்குப் பக்கத்திலேயே என்னுடையதையும் கட்டினேன்.

அதற்கு அடுத்த வருஷம், ஆடி மாதத்தில் வீடு மாறத் தொடங்கியது. சித்தி வேலையை விட்டு நின்றுகொண்டாள். காலையில் கொல்லைப்பக்கம் போய் வாந்தியெடுத்தாள். பித்தம் என்று சொன்னார்கள். அம்மா அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை. அப்பாகூட வீட்டில் மெதுவாகப் பேசினார். சித்தப்பா வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். ஒருநாள் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி, ஈரத் துணியால் தூசி துடைத்தார். சித்தி அதை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கத்து ஆட்டக்காரரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "அந்த ஆளு வரப்போவுதா சித்தப்பா?" என்று கேட்டேன்.

சித்தப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "வரப்போவுது பாப்பா. பங்குனில வந்துடும்."

"தம்பி, வாய வெச்சிக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க" என்று சமையலறையிலிருந்து அம்மா அதட்டினாள். ஆனால் அவள் குரலிலும் கோபம் இல்லை.

ஆக எனக்கு இருந்தது பங்குனி வரைக்கும்தான். அதற்குள் பெட்டி பிரிக்கப்படாவிட்டால் நாற்பத்தொன்று ஒரேயடியாகச் சென்னைக்குப் போய்விடும். நான் சித்தியின் பக்கம் சாய்ந்தேன். "அந்த ஆளு வந்தா எனக்கு ஒரே ஒரு பாக்கெட் குடுக்கச் சொல்லு சித்தி" என்று கெஞ்சினேன். "ஒனக்கு இல்லாததா? ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பிரிங்க" என்றாள் சித்தி. முன்பின் தெரியாத ஒரு சென்னைக்காரரோடு உட்கார்ந்து நான் எப்படிப் பாக்கெட் பிரிப்பது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சரி என்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்காக அம்மா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்து அறையில் சித்தி "அக்கா" என்று கூப்பிட்டாள். அம்மா சீப்பை என் தலையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்தது. சித்தப்பா சித்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். சித்தி ஒரு பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அன்று ஒற்றைச் சடையோடு பள்ளிக்கூடம் போனேன்.

மூன்று நாள் அப்பா உப்புமா கிண்டிப் போட்டார். நான்காம் நாள் சித்தி வீட்டுக்கு வந்தாள். "சித்திக்கு ஜொரம். அந்த ரூம் பக்கம் போவாத, சத்தம் போடாத" என்றாள் அம்மா. தெருவிலிருந்து பெண்கள் இரண்டு மூன்று பேராக வந்து தரையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். "வயசா போயிடுச்சி? அடுத்த வருசமே பாரு" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. காய்ச்சல்காரியிடம் எதற்கு வயசைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து மங்களூர் கிராமத்திலிருந்து அவளுடைய அம்மா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஒருநாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். நான் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சமையலறையில் இருந்தாள். பின்பக்கத்து அறையைத் தாண்டும்போது சித்தியின் குரல் கேட்டது.

"பாப்பா, இங்க வா. அந்தப் பொட்டிய எடு."

எந்தப் பெட்டி என்று கேட்க வேண்டியதே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பெட்டியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் ஒரு வாரத்தில் சின்னதாகிவிட்டிருந்தது.

"பிரி."

"சித்தப்பா திட்டுவாங்க."

"திட்ட மாட்டாங்க. நான் சொல்றேன், பிரி."

"அப்ப அந்த ஆளு வந்து கேட்டா?"

"அது வராது பாப்பா."

"பங்குனில வரும்னு சித்தப்பா சொன்னாங்களே."

"சொன்னாங்க. இனிமே வராது."

சென்னைக்காரர் வாக்குத் தவறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு ஆள் வருமா என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதால் கேட்கவில்லை. கொளஞ்சியப்பரை மனதுக்குள் கும்பிட்டேன். பிராது கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் கீறப் போனபோது சித்தி "இரு" என்று பெட்டி மேல் கையை வைத்தாள். அவள் விரல்கள் வேலைக்குப் போகாததால் மற்றவர்கள் விரல்களைப் போல ஆகியிருந்தன. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தாளோ. எனக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். நான் ஒரே இழுப்பில் கிழித்தேன்.

"ஒவ்வொண்ணா பிரி. பேரப் படி" என்றாள்.

நான் ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரித்து, ஆறு ஆறு பெயராகப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் படிப்பதைப் போல உரக்கப் படித்தேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்த்தாள். நடுவில் "இதுல ஒண்ணு இப்டிக் குடு" என்று கை நீட்டினாள். ஒரு பாக்கெட்டைக் கொடுத்தேன். அவளும் ஒன்று பிரிப்பாள் என்று பார்த்தால் பிரிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. அடுத்த பாக்கெட்டில், நான்காவது கார்டாக, தங்க ஓரம் போட்ட நாற்பத்தொன்று இருந்தது.

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். தாடி வைத்துக்கொண்டு, மட்டையைத் தோளில் சாய்த்து நின்றார். பெயரை வாசிக்கக்கூட வாயில் நுழையவில்லை. அதனால் என்ன? நாற்பத்தொன்று நாற்பத்தொன்றுதான். நான் எழுந்து கூச்சலிட்டேன். அறைக்குள்ளேயே குதித்தேன். கிழித்துப் போட்ட தாள்கள் காலடியில் சரசரத்தன.

அம்மா ஓடிவந்தாள். தரையையும், பெட்டியையும், குதித்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு கோபம். கையை ஓங்கிக்கொண்டு என் மேல் பாய்ந்தாள்.

"அக்கா, வுடுங்க" என்றாள் சித்தி. "நான்தான் பிரிக்கச் சொன்னேன். புள்ள சந்தோசமா இருக்கட்டும்."

அம்மாவின் கை அப்படியே இறங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு மெள்ளக் கீழே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடி விழவில்லை என்ற நிம்மதியில் நான் மிச்சப் பாக்கெட்டுகளையும் பிரித்து முடித்தேன். கடைசிக்கு முந்தினதில் இன்னொரு நாற்பத்தொன்றும் கிடைத்தது.

சாயங்காலம் சித்தப்பா மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தார். நான் கார்டுகளை அவசரமாகக் கூட்டிக் குவித்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, கிழிந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். நானும் பொறுக்கிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தபோது இருபத்துமூன்றுதான் இருந்தது.

"பொட்டியில இருவத்தி நாலுன்னு போட்டிருக்குது சித்தப்பா. ஒண்ணு கொறையுது."

சித்தப்பா நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் பாப்பா" என்றார் சித்தப்பா. அடுக்கிய தாள்களை மறுபடியும் நீவிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த மதிப்பு ஒரு மத்தியானத்தில் போய்விட்டது என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கும் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இரண்டாவது நாற்பத்தொன்றை அவர் கையில் வைத்து, "போனா போவுது சித்தப்பா, வேற பொட்டி வாங்கிக்கலாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "வாங்கிக்கலாம் பாப்பா" என்றார். கார்டை நனைந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, மழை விடுவதற்கு முன்பே கொல்லைப்பக்கம் போய் நின்றார். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

அந்தக் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்தது பல வருஷங்களுக்குப் பிறகு. கல்யாணமாகி எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "யாருகிட்டயும் இப்ப சொல்லாத. நாலு மாசம் தாண்டட்டும்" என்றாள் அம்மா. பிறகு, "ஒங்க சித்திக்கு நாலு மாசத்துலதான் போயிடுச்சி. ஆம்பளப் புள்ள" என்றாள். அம்மா ஏதோ ஊர்ச் செய்தியைச் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பத்து வயசில் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர நின்றுகொண்டிருந்தேன்.

பிற்பாடு சித்திக்கு ஒரு பையன் பிறந்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனுக்குச் சித்தப்பா சைக்கிள் வாங்கித் தந்தார், மட்டை வாங்கித் தந்தார், கேட்டதெல்லாம் வாங்கித் தந்தார். கார்டு மட்டும் வாங்கித் தரவில்லை. பிரிக்காத கார்டுப் பெட்டிகளை ஜனங்கள் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாப்பதையும், பிரிக்கலாமா வேண்டாமா என்று ஊரைக் கேட்டுவிட்டுப் பிரிப்பதையும் இன்று போனில் காட்டுகிறார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டில் இப்படி ஏதாவது இருந்ததா என்று ஒருமுறை கேட்டான். சித்தப்பா இல்லை என்று சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதில் யாரிடமும் இதுவரை நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

பெட்டி பிரித்த அடுத்த சனிக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்தது. சித்தியை வெந்நீரில் குளிப்பாட்ட அம்மா கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது, சித்தியின் தலையணை உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு வேறு உறை போடச் சொன்னாள். நான் உறையைப் பிடித்து உதறினேன். உள்ளேயிருந்து ஒரு பாக்கெட் விழுந்தது. இருபத்துநான்காவது பாக்கெட். ஓரம் கசங்காமல், முழுசாக இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவ்வளவு துக்கத்தோடு சித்தப்பா சொன்னாரே! இங்கே சித்தி அல்லவா ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்குப் பாதி பங்கு தருவதாகச் சொன்னவள், தலையணைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஆறு கார்டும் வழுக்கின. எந்த ஆறு என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் நியாயம் முழுவதும் என் பக்கம் இருப்பதாகத் தோன்றிற்று.

கொல்லைப்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பிரித்தேன். ஆறும் என்னிடம் ஏற்கெனவே இருந்த கார்டுகள். ஒன்றுகூடப் புதியது இல்லை. அவற்றை என் தகர டப்பாவில் மற்றவற்றோடு கலந்துவிட்டேன். பாக்கெட் தாளைச் சாக்கடையில் போட்டேன். மழைத் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்ததால் அது உடனே போய்விட்டது. பிறகு நல்ல பிள்ளையாகத் தலையணைக்குப் புது உறை போட்டு வைத்தேன்.

சித்தி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். படுக்கையில் உட்கார்ந்ததும் கை தானாகத் தலையணைக்குள் போயிற்று. எழுந்து தலையணையை எடுத்து உதறினாள். பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தாள். பாயின் அடியில் பார்த்தாள். குனிந்து கட்டிலடியில் கையை விட்டுத் துழாவினாள். அவளால் அவ்வளவு குனிய முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இங்க ஒரு பாக்கெட் இருந்துது. நீ பாத்தியா?"

"எந்த பாக்கெட்டு சித்தி? பொட்டியில இருவத்தி மூணுதான இருந்துது. கடைக்காரன்தான ஏமாத்திட்டான்?"

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆமாமில்ல" என்றாள்.

பிறகு தலையணையைத் தட்டி நேராக வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெரியவர்களை அவர்கள் பேச்சாலேயே மடக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று பொழுது சாயும் வரைக்கும் அந்தப் பதிலை எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது அது.